மத்திய காவல் படைகளில் நம் பிள்ளைகள்

(அறக்கட்டளை மண்டபத்தில் மஃரிபுக்குப் பின் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில், மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை.)



பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் என் ஸலாம். உங்களுக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அதைப் பையில் போடுங்கள்.

நான் திருமுல்லைவாயலில் வளர்ந்தவன். என் அத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஆவடிப் பக்கம் போகும்போதெல்லாம் சிஆர்பிஎஃப் முகாமின் நீளச் சுவரைப் பார்ப்பேன். உள்ளே விடியற்காலையில் பரேடு நடக்கும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கத்தில் நம் வீடுகள் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன? அந்தச் சுவருக்கு உள்ளே போய் வேலை பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும். அதிலும் விரல் மிச்சமாகும்.

போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "மாமா, நம்ம பேரைப் பார்த்தா எடுப்பாங்களா?" இந்தக் கேள்வி இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய மனதிலும் இருக்கும். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கான்ஸ்டபிள் வேலைக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. கீழ்நிலைப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வை 2016 ஜனவரி முதல் மத்திய அரசே எடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் தேர்வு எழுதுகிறீர்கள், அது மதிப்பெண் போடுகிறது. பிறகு ஓட்டம், உயரம், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு. ஓட்டத்தில் கடிகாரம் ஓடுகிறதே தவிர, உங்கள் பெயரை யாரும் படிப்பதில்லை. பாரபட்சமே உலகத்தில் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் 36 வருடம் சீருடை போட்டவன், எனக்கும் சில அனுபவங்கள் உண்டு. ஆனால் என் கண் முன்னால் நம் பிள்ளைகள் தோற்றது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்: விண்ணப்பமே போடாதது, சான்றிதழ் சரியில்லாதது, ஓடிப் பழகாதது.

2006ல் வந்த சச்சார் குழு அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம், ஐபிஎஸ் அதிகாரிகளில் 4 சதவீதம். மேடைக்கு மேடை இந்த எண்ணைச் சொல்லி வருத்தப்படுகிறோம். வருத்தப்படுவது சரி. ஆனால் அந்த மேடையிலிருந்து இறங்கி, பக்கத்து வீட்டுப் பையனுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் யார்?

இதே நாட்டில்தான் சையத் ஆசிஃப் இப்ராஹிம் என்ற 1977ஆம் ஆண்டுத் தொகுதி ஐபிஎஸ் அதிகாரி 2013, 2014 என்ற இரண்டு ஆண்டுகள் உளவுத் துறையான ஐபிக்கே தலைவராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவர். நம் பூந்தமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் தனி நீதிமன்றத்தில்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்தது. அந்த வழக்கைப் புலனாய்வு செய்த சிபிஐ குழுவுக்குத் தலைமை தாங்கிய டி.ஆர். கார்த்திகேயன் கோவைப் பக்கத்துத் தமிழர். பிறகு சிபிஐக்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். இன்று அதே வளாகத்துக்கு என்ஐஏ வழக்குகள் வருகின்றன. நம்மில் சில குடும்பங்களுக்கு அந்த நீதிமன்றத் தாழ்வாரம் வேறு விதத்தில் தெரியும். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. அங்கே கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அதிகாரியும் ஒரு தேர்வு எழுதித்தான் வந்தார் என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

சரி, வழிக்கு வருவோம்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கான பெரிய கதவு, எஸ்எஸ்சி நடத்தும் ஜிடி கான்ஸ்டபிள் தேர்வு. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், நான் இருந்த சிஐஎஸ்எஃப், இந்தோ-திபெத் எல்லைப் படை, எஸ்எஸ்பி, அசாம் ரைஃபிள்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே தேர்வு. 2024 செப்டம்பரில் வந்த அறிவிப்பில் மட்டும் 39,481 இடங்கள். வயது 18 முதல் 23 வரை. ஓபிசி பிரிவினருக்கு 3 ஆண்டு தளர்வு. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. தொடக்கச் சம்பளம் 21,700 ரூபாய் அடிப்படை, அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும். எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் பார்க்கும் தம்பிகள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்தத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். எங்கள் காலத்தில் தமிழ் மட்டும் படித்த பையன் வினாத்தாளைப் பார்த்தே பாதி உயிர் போய்விடுவான். இப்போது அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் நடந்த தேர்விலிருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். நம் வட்டாரத்தில் இந்தச் செய்தி இன்னும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

80 கேள்விகள், 160 மதிப்பெண், 60 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 45 வினாடி. பகுத்தறிதல், பொது அறிவு, அடிப்படைக் கணிதம், மொழி என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 20 கேள்வி. முதல் மூன்றைத் தமிழில் எழுதலாம். நான்காவது பகுதி ஆங்கிலம் அல்லது இந்தி, அதற்குத் தமிழ் கிடையாது. ஆகவே ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு ஜெயிக்க முடியாது. கணக்குக்கு எத்தனை மதிப்பெண்ணோ அதற்கும் அத்தனையே. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு குறிக்கக் கூடாது. வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: இந்தி கேட்டால் புரிகிறது என்பதற்காக அந்தப் பகுதிக்கு இந்தியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். திரையில் வருவது தேவநாகரி எழுத்து.

இன்னொன்று, என்சிசி. 'சி' சான்றிதழ் வைத்திருந்தால் மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம் கூடுதல். 160ல் 8 மதிப்பெண். 'பி'க்கு 3 சதவீதம், 'ஏ'க்கு 2 சதவீதம். அரை மதிப்பெண்ணில் இடம் போகிற தேர்வு இது. பள்ளியில் என்சிசி இருந்தால், "வெயிலில் கறுத்துவிடுவான்" என்று தடுக்காதீர்கள் அம்மா.

இப்போது நான் அதிகம் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். காகிதம்.

எனக்கு வேலை கிடைத்த வருடம் சான்றிதழ் சரிபார்ப்பில் என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இரண்டெழுத்துச் சுருக்கம். ரேஷன் கார்டில் முழுப் பெயர். இன்னொரு தாளில் அத்தா பெயரின் கடைசிப் பகுதியைக் காணோம். "இதில் யார் நீ?" என்று கேட்டார்கள். மூன்று பேருமே நான்தான் என்று சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் தாளை வாங்கவில்லை. ஒரு வாரம் அலைந்து, பிரமாணப் பத்திரம் கொடுத்துத் தப்பித்தேன். எல்லாருக்கும் அந்த ஒரு வாரம் கிடைக்காது.

முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒன்று, பேங்க் புத்தகத்தில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு பீவி, பேகம், பானு ஒரு தாளில் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் உதிர்ந்திருக்கும். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. எஸ்எஸ்சிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் உங்கள் பெயர், அதுதான் உங்கள் பிறந்த தேதி. மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலிலேயே தவறு இருந்தால் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போங்கள். பெயரையே மாற்றுவதாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும்போது பள்ளியில் போய் ஒரு தடவை உங்கள் கண்ணால் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதில் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2007 முதல் தமிழ்நாட்டில் நமக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பிசிஎம் என்று சான்றிதழ் தருகிறார்கள், டிஎன்பிஎஸ்சிக்கு அது போதும். மத்திய அரசு வேலைக்கு அந்தத் தாள் செல்லாது! மத்தியில் முஸ்லிம் என்று தனி ஒதுக்கீடு கிடையாது. ஓபிசி 27 சதவீதத்துக்குள் நாமும் போட்டி போட வேண்டும். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், 'கிரீமி லேயரில் வராதவர்' என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டு வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வாங்கலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அதைக் கணக்கிடும் முறை தனி. மொத்த வருமானத்தை நீங்களாகக் கூட்டிப் பார்த்து "நமக்கு வராது" என்று முடிவு கட்டாமல் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் தனித்தனி. ராவுத்தர், மரைக்காயர் உட்பட லெப்பைகள் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பிரிவு அதே பெயரில் அங்கே இருக்கிறதா என்று தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு மனுப் போடுங்கள். தவறான தாளைக் கொண்டுபோனால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள். மதிப்பெண் போதாது, வயதுத் தளர்வும் போய்விடும். 24 வயதுப் பையனுக்கு அதோடு கதை முடிந்தது.

இருப்பிடச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். இடங்களை மாநில வாரியாகப் பிரித்திருப்பதால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குள்தான் போட்டி.

உடல் தகுதி. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 80, மூச்சை இழுத்தால் 85. பெண்களுக்கு உயரம் 157. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். 24 நிமிடம் தாராளம் என்று நினைக்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 48 வினாடி. அதே வேகத்தில் ஐந்து தடவை. பஜ்ரு தொழுதுவிட்டுப் போர்வைக்குள் திரும்பப் போகாமல் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போங்கள். நடைபாதை இருக்கிறது, காற்று நன்றாக இருக்கும். முதல் மாதம் தூரத்தை மட்டும் பாருங்கள், நேரத்தை அப்புறம் பார்க்கலாம். தேர்வு முடிவு வந்த பிறகு ஓட ஆரம்பிப்பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவான்.

கண்ணைச் சீக்கிரம் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும். நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள். தட்டைப் பாதம், முழங்கால் முட்டுவது, காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இரண்டு வருடம் படித்து, ஓடி, கடைசியில் நிறக்குருடு என்று தெரிந்து அழுத பையனை எனக்குத் தெரியும். ஒரு கண் மருத்துவரிடம் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பட்டதாரிகளுக்கு வழிகள் அதிகம். மத்தியப் படைகளில் சப்-இன்ஸ்பெக்டர் ஆக எஸ்எஸ்சியின் சிபிஓ தேர்வு. வயது 20 முதல் 25, அடிப்படைச் சம்பளம் 35,400. "சிபிஐயில் எப்படிச் சேர்வது?" என்று சினிமா பார்த்துவிட்டு வரும் எல்லாத் தம்பிகளும் கேட்கிறார்கள். சிபிஐயில் பெரும்பாலானோர் வேறு காவல் துறைகளிலிருந்து அயல்பணியில் போனவர்கள். நேரடியாக நுழைய இருக்கும் வாசல் சப்-இன்ஸ்பெக்டர் பதவி. அதற்கு எஸ்எஸ்சியின் சிஜிஎல் தேர்வு எழுத வேண்டும். வயது 20 முதல் 30, ஆண்களுக்கு உயரம் 165 போதும். என்ஐஏ சப்-இன்ஸ்பெக்டர், சுங்கத் துறை, அமலாக்கத் துறை எல்லாம் அதே தேர்வுக்குள் வருகின்றன. அது இன்னும் இந்தி, ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதிகாரியாகவே நுழைய யுபிஎஸ்சி நடத்தும் உதவி கமாண்டன்ட் தேர்வு இருக்கிறது, அதற்கு நேர்முகம் உண்டு. டெல்லியில் ஜாமியா மில்லியாவின் உறைவிடப் பயிற்சி மையம் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறது, நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சேருங்கள். அதற்குக் காசு கிடையாது.

காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். மகனுக்கு விமான நிலையத்தில் சிஐஎஸ்எஃப் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் நகையை அடகு வைக்கச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறான். முத்திரை குத்திய கடிதம் கூடக் கொடுத்தான். அதை என்னிடம் காட்டினார். படையின் பெயரிலேயே எழுத்துப் பிழை. விமான நிலையத்தில் காவல் நிற்பவர்கள் எல்லாரும் தேர்வு எழுதி, பயிற்சி முடித்து வந்தவர்கள். நம் அரக்கோணம் ரயிலிலேயே போனால் தக்கோலத்தில் அந்தப் பயிற்சி மையத்தைப் பார்க்கலாம். 2025ல் ராஜாதித்த சோழன் பெயரை வைத்தார்கள். இந்த வேலைக்கு அரசுக்குக் கட்ட வேண்டியது 100 ரூபாய்தான். அதற்கு மேல் யார் கேட்டாலும், தொப்பி போட்டவரானாலும் தாடி வைத்தவரானாலும், திருடன்.

வழக்கு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். தேர்வானதும் காவல் துறை விசாரணை வரும். ஏதாவது சாலை மறியலில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கலாம், தெருச் சண்டையில் எஃப்ஐஆர் இருக்கலாம். படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் அது எப்படிப்பட்ட வழக்கு என்று நிர்வாகம் எடைபோட்டுப் பார்க்கும்; மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே வேலையிலிருந்து நீக்கலாம். சின்ன வழக்கை மறைத்துப் பெரிய வேலையைத் தொலைத்தவர்கள் உண்டு.

மார்க்க விஷயம் கேட்பீர்கள் என்று தெரியும். நான் நோன்பு வைத்துக்கொண்டு டூட்டி பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில் பீகார்க்காரர் ஒருவர், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை, ரமளான் முழுக்க எனக்காக மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைத்தார். சில வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ கிடைக்காமலும் போயிருக்கிறது. வாசலில் ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வர முடியாது. தாடியைப் பற்றி: தமிழ்நாடு காவல் துறையில் முஸ்லிம் காவலர் தாடி வைக்கலாம் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024ல் உறுதிப்படுத்தியது. ஆனால் 2016ல் விமானப் படை வீரர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஆகவே எந்தப் படையில் சேருகிறீர்களோ அதன் சீருடை விதியைச் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளும் அப்படியே. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், உள்ளே போன பிறகு வம்பு வேண்டாம்.

ஆபத்து இல்லாத வேலை என்றும் பொய் சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒருவர், அரியலூர் மாவட்டத்திலிருந்து ஒருவர் என்று இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். எல்லையில் போட்டால் வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவைதான் வீடு. என் மூத்த மகள் பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் நான் முகத்தைப் பார்த்தேன். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "எனக்கு உயரம் 158. பிளஸ் டூ முடித்துவிட்டேன். அத்தா வேண்டாம் என்கிறார்." உயரம் சரியாக இருக்கிறதம்மா. அத்தாவைப் பற்றி நான் சீட்டில் பதில் எழுத முடியாது. அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். இஷா முடிந்ததும் வாசலில் நிற்பேன். அவரே வந்து பேசட்டும், டீ என் செலவு.

மற்றவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றின் நகலோடு இங்கே வாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பாங்கு சொல்லப் போகிறார்கள்.

வஸ்ஸலாம்.